பலகையில் தொங்கிய வில்லை

பவளப்பாறை ஆய்வைப் பற்றி எழுதுகிறவர்கள் நீருக்குள் இறங்கியவர்களை எழுதுவார்கள். மீனை எழுதுவார்கள், பாசியை எழுதுவார்கள், ஒருநாள் வந்து படம் எடுத்துக்கொண்டு போன விருந்தாளியைக்கூட எழுதுவார்கள். இறங்கியவர்கள் எல்லாரும் ஏறும்வரை வெயிலில் படகிலேயே நின்று, தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்காதவளை மட்டும் எழுத மாட்டார்கள். சுடரொளி அப்படி நின்றவள்.

அவளுக்கும் முக்குளிக்கத் தெரியும். எரிச்சலே அதில்தான்.

தூத்துக்குடிக் கடலில் அந்தக் களப்பணியின் பாதுகாப்புக்குப் பொறுப்பாக இருந்தவர் பெனிட்டா. அவர் படகில் ஒரு மரப்பலகை உண்டு. இறங்குகிறவர், தன் பெயர் பொறித்த பித்தளை வில்லையை அதில் மாட்டிவிட்டு இறங்க வேண்டும். ஏறியதும் தன் கையாலேயே எடுக்க வேண்டும். ஒருவருடைய வில்லையை இன்னொருவர் தொடக் கூடாது. ஒரு வில்லை தொங்கினாலும் இன்ஜின் கிளம்பாது. சாவி, காவல் நிற்பவரிடம் இருக்கும்.

அன்று காலை சாவியை வாங்கும்போது சுடரொளி கேட்டாள்.

"நான் எப்பதான் மேடம் இறங்குறது?"

பெனிட்டா தன் பையைத் திறந்தார். சுடரொளியின் பெயர் பொறித்த வில்லையை எடுத்து, அவள் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டார்.

"இத வச்சு என்ன செய்ய? கழுத்துல மாட்டிக்கவா?"

"பத்திரமா வச்சுக்கோ."

உச்சிப்பொழுதுக்கு முன்பே, மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று ஏறியது. அலைகளில் நுரை எழுந்தது. மூச்சுக் குமிழிகளைப் பிரித்துப் பார்க்க முடியவில்லை. ஆய்வின் தலைவர் பேராசிரியர் தாமோதரன் ஏறி வந்தார். அவருடன் இணையாக இறங்கியவன் அவருடைய மாணவன் மாசிலன். தாமோதரன் பலகையிலிருந்து தன் வில்லையை எடுத்தார். அதே கையால் மாசிலனுடையதையும் எடுத்தார்.

"சார், அது மாசிலனோடது."

"தெரியும்மா. பையன் களைச்சுப் போயிட்டான். நான் எடுத்தா தேஞ்சா போயிடும்?"

"அவன் எங்க?"

"எனக்குப் பின்னாலதான் வந்தான். அந்தப் படகுல ஏறியிருப்பான்."

இன்னொரு படகு சற்று முன்புதான் ஆட்களோடு கரைக்குக் கிளம்பியிருந்தது.

"ஏறுனதப் பாத்தீங்களா?"

தாமோதரன் சிரித்தார். "லிகோரி, இன்ஜினப் போடு."

படகோட்டி லிகோரி கையை நீட்டினார். "சாவியக் குடு தாயி. நங்கூரம் இழுக்குது. இனி நின்னா பாறையில கொண்டுபோய் அடிச்சிரும்."

"தர மாட்டேன் அண்ணாச்சி."

அவள் வாக்கிடாக்கியில் அந்தப் படகைக் கூப்பிட்டாள். இரைச்சலைத் தவிர ஒன்றும் வரவில்லை.

"பலகை காலியா இருக்குல்ல?" என்றார் தாமோதரன். "உங்க சட்டப்படிதானே கேக்குறேன்?"

"ரெண்டு வில்லைய ஒரே கை எடுத்துச்சு. அதுக்குப் பேரு காலி இல்ல."

"உன் முனைவர் பட்டத்துக்கு வழிகாட்டி யாருன்னு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு சார். நீங்கதான்."

"அப்ப சாவியக் குடு. இல்லன்னா வேற ஆளப் பாத்துக்கோ."

சுடரொளி சட்டைப் பையிலிருந்து தன் வில்லையை எடுத்தாள். பலகையில் மாட்டினாள்.

"இப்ப ஒருத்தி உள்ள இருக்கா. படகு நகராது."

"உடம்புல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல, நாடகமா ஆடுற?" அவர் பெனிட்டாவிடம் திரும்பினார். "நீங்களாவது இவளுக்குச் சொல்லுங்க."

படகின் முன்பக்கம் பெனிட்டா நங்கூரக் கயிற்றை இன்னும் கொஞ்சம் விட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். கண் தண்ணீரில் இருந்தது.

"சாவி அவகிட்ட இருக்கு சார்."

பாறை நெருங்கி வந்ததுபோல் இருந்தது. லிகோரி வாய்க்குள் ஏதோ ஜெபித்தார்.

படகின் பின்பக்கம், இன்ஜின் விசிறிக்கு ஒரு முழம் தள்ளி, ஒரு கை எழுந்து விளிம்பைப் பற்றியது. தோளில் அளவு நாடாவைச் சுற்றிக்கொண்டு மாசிலன் மேலே வந்தான்.

"நாடாவ விட்டுட்டு வந்துட்டோமே சார்! எடுத்துட்டு வாறேன்னு கையக் காட்டுனேனே, பாக்கலையா?"

உப்புத் தண்ணீரைத் துப்பினான். ஏறி, நேராகப் பலகை அருகே போனான்.

"என் வில்லைய எவன் எடுத்தது?"

தாமோதரன் கையை விரித்தார். இரண்டு வில்லைகளும் அதில் இருந்தன.

"இப்பவாவது சாவி உண்டா தாயி?" என்றார் லிகோரி.

சுடரொளி திரும்பிப் பார்த்தாள். பலகையில் அவள் வில்லை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

"இறங்காமலே மாட்டிட்டேன் மேடம். பொய்தானே அது? நீங்களே எடுத்துருங்க."

பெனிட்டா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நீ இறங்குனத நான் பாத்தேன். உன் வில்லைய நீயே எடு."

மாசிலனுக்கு உயிர் மிஞ்சியது. தாமோதரனுக்கு மானம் போனது. இரண்டாவதை அவர் மன்னிக்கவில்லை. அந்த ஆய்வறிக்கையில் சுடரொளியின் பெயர் இல்லை. அவள் வேறொரு பல்கலைக்கழகத்தில் முதலிலிருந்து தொடங்கி, தாமதமாகப் பட்டம் வாங்கினாள். பெனிட்டா ஓய்வு பெற்றபின் களப்பணிப் பாதுகாப்பு அவள் பொறுப்புக்கு வந்தது. இன்றும் அவள் படகில்தான் நிற்கிறாள்.