நாச்சியாரம்மா விட்ட சொல்

தில்லைநாயகம் சீடராக வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது அறுபத்தொன்று. குரு நாச்சியாரம்மாவுக்கு நாற்பத்து நான்கு. அவர் குருவை ‘அம்மா’ என்றார். குரு அவரை ‘ஐயா’ என்றார். மலையடிவாரத்துச் சின்ன மடம் அது. அங்கே இதை யாரும் விசித்திரமாக நினைக்கவில்லை.

முப்பத்து நான்கு வருடம் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவராக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் பழக்கம் போகவில்லை. யார் பேசினாலும் காதுக்குள் ஒரு சிவப்புப் பென்சில் ஓடும். ‘அதாவது’ என்று ஆரம்பிப்பவர்களைக் கண்டால் முகம் சுளிப்பார். ‘சொன்னா தப்பா நினைக்காதீங்க’ என்று யாராவது தொடங்கினால், சொல்ல வருவது எதுவானாலும் தப்பாகவே நினைத்துக்கொள்வார். பக்கத்து சீட்டுக்காரர் ‘வேற லெவல்’ என்று மூன்று முறை சொன்னதற்காக நடுவழியில் இறங்கி, வெயிலில் நின்று, அடுத்த பஸ்ஸில் ஏறியவர் அவர். மனைவி இறந்த வீட்டில் துக்கம் கேட்க வந்த அத்தனை பேரும் ‘என்ன பண்றது, அவ்வளவுதான்’ என்றார்கள். பதினாறாம் நாள் முடிந்ததும் வீட்டைப் பூட்டிவிட்டுப் பேச்சில்லாத இடம் தேடிக் கிளம்பினார். மடத்துக்கு வந்தார்.

மடத்திலும் பேச்சு இருந்தது.

காலை எட்டு மணிக்கெல்லாம் ஊர்ச்சனம் வரத் தொடங்கிவிடும். நாச்சியாரம்மா புங்க மரத்தடியில் கோரைப்பாய் விரித்து உட்கார்ந்திருப்பார். வந்தவர் எதிரே உட்கார்வார்.

“மழையே இல்லம்மா.”

“அப்புறம்?”

“கிணறு வத்திப்போச்சு.”

“அப்புறம்?”

“தம்பியும் நானும் பேசிக்கிட்டு மூணு வருஷமாச்சு.”

“அப்புறம்?”

பெரும்பாலும் இவ்வளவுதான். எப்போதாவது கூட இரண்டு வார்த்தை சொல்வார். வந்தவர் அழுவார், அல்லது சிரிப்பார், கும்பிட்டுவிட்டுப் போவார். அடுத்தவர் வந்து உட்கார்வார். மறுபடியும் ‘அப்புறம்?’

தில்லைநாயகம் ஒருநாள் எண்ணிப் பார்த்தார். எட்டு மணியிலிருந்து பதினொரு மணிக்குள் அறுபத்து மூன்று. ஒரே பக்கத்தில் ஒரு சொல் மூன்று தடவை வந்தாலே ஓரத்தில் கேள்விக்குறி போட்டவருக்கு இது எப்படியிருக்கும்? ஆனாலும் எட்டு மாதம் பொறுத்துக்கொண்டார். குருவின் வாயில் கோடு போடுவது எப்படி?

ஒன்பதாம் மாதம், கீழே ஊருக்கு விளக்கெண்ணெய் வாங்கப் போனபோது டீக்கடை பெஞ்சில் ஒருவன் சம்மணம் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எதிரே நின்றவன், “சாமி, பெண்டாட்டி ஓடிப்போயிட்டா” என்றான். பெஞ்சில் இருந்தவன் கண்ணைத் திறக்காமல், “அப்புறம்?” என்றான். கடையே சிரித்தது. தில்லைநாயகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நிற்கவில்லை, இன்னும் கூடியது.

“அப்புறத்தம்மா மடத்து ஐயாவுக்கு ஒரு டீ போடுப்பா!”

அவர் டீ குடிக்கவில்லை. எண்ணெயும் வாங்கவில்லை. மேலே ஏறி வந்து நேராகக் குருவின் முன்னால் நின்றார்.

“அம்மா, ஒண்ணு கேட்கலாமா?”

“கேளுங்க ஐயா.”

“எல்லார்கிட்டயும் ஏன் அந்த ஒரே சொல்லையே சொல்றீங்க?”

“எந்தச் சொல்?”

“‘அப்புறம்’.”

நாச்சியாரம்மா யோசித்தார். “அவ்வளவு தடவையா சொல்றேன்?”

“எண்ணிப் பார்த்தேன். ஒரே காலையில அறுபத்து மூணு.”

“அடேயப்பா!”

“ஊர்ல கேலி பண்றாங்கம்மா. காது கொடுத்துக் கேட்க முடியலை.”

“அவங்க இருக்கட்டும். உங்களுக்கு எப்படி இருக்கு அந்தச் சொல்?”

தில்லைநாயகம் தயங்கினார். பிறகு சொல்லிவிட்டார். “தேய்ஞ்சுபோன சொல்லம்மா. பேச விஷயமில்லாம, போனை வைக்கவும் மனசில்லாம இருக்கறவங்க சொல்றது. அது உங்க வாயில வரும்போதெல்லாம் எனக்குக் கூசுது.”

குரு ஒரு கதை சொல்வார் என்று அவர் காத்திருந்தார். இல்லாவிட்டால் திட்டுவார்.

“சரி ஐயா. விட்டுடறேன்” என்றார் நாச்சியாரம்மா.

விட்டுவிட்டார். மறுநாள் காலை முதல் ஆள் வந்து உட்கார்ந்து, “முட்டி வலிம்மா” என்றார். குரு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்துக் கும்பிட்டு எழுந்தார். அடுத்தவரும் அப்படியே. ஒன்பது மணிக்கு முற்றம் காலியாகிவிட்டது. புங்கம்பூ உதிர்வது கேட்டது. பிழையே இல்லாத பக்கத்தைப் பார்ப்பதுபோல இருந்தது தில்லைநாயகத்துக்கு. அன்றைக்கு இரண்டு கவளம் கூடச் சாப்பிட்டார்.

போகிறவர்களில் சிலர் வாசலில் ஒருமுறை நின்று திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நான்காம் நாள் பேச்சியம்மாள் வந்தாள். ஊரில் இரண்டு எருமை வைத்துப் பால் ஊற்றுகிறவள். மடத்துக்கும் அவள்தான் பால். புருஷன் போய் ஆறு வருடம் ஆகிறது. ஒரே மகள் பொன்னரசி, டவுன் காலேஜில் படிக்கிறாள்.

பேச்சியம்மாள் பாயின் எதிரே உட்கார்ந்தாள்.

“எருமை பால் சுரக்க மாட்டேங்கும்மா.”

நாச்சியாரம்மாவின் உதடு லேசாக அசைந்தது. நின்றது. வாசல் பக்கம் சருகு கூட்டிக்கொண்டிருந்த தில்லைநாயகம் அதைப் பார்த்தார்.

பேச்சியம்மாள் முந்தானை நுனியைச் சுருட்டினாள். விரித்தாள். மறுபடியும் சுருட்டினாள்.

“வேற ஒண்ணுமில்லம்மா. வாரேன்.”

எழுந்து வாசலுக்கு வந்தவள் தில்லைநாயகத்திடம் ஒரு மஞ்சப்பையை நீட்டினாள்.

“சாயங்காலம் பொன்னரசி பஸ்ஸ விட்டு இறங்கி வருவா. இதை அவகிட்ட குடுத்துருங்கய்யா.”

“என்னம்மா இது?”

“ரேஷன் கார்டு, வீட்டுச் சாவி, பேங்க் புக்கு. அவ்வளவுதான்.”

“நீ வீட்டுக்குத்தானே போற?”

“ஆமாய்யா” என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

ஊருக்குப் போகும் வழி இடதுபுறம். அவள் வலதுபுறம் திரும்பினாள். அந்தப் பக்கம் வீடு கிடையாது, காடு கழனி கிடையாது. எப்போதோ மூடிப்போன கல்குவாரி மட்டும்தான். அதில் இரண்டு பனை ஆழத்துக்குத் தண்ணீர்.

தில்லைநாயகம் துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடினார்.

அறுபத்தொரு வயது முழங்கால் அது. பத்தடியில் ஒரு செருப்பு போனது. இன்னும் பத்தடியில் மற்றதும் போனது. “பேச்சியம்மா!” என்று கத்தினார். அவள் திரும்பாமல் நடையைக் கூட்டினாள். அவளிடம் என்ன சொல்வது? ‘கவலைப்படாதே.’ ‘எல்லாம் சரியாயிடும்.’ ‘மகளை நினைச்சுப் பாரு.’ வந்த ஒவ்வொன்றையும் அவருடைய பென்சிலே அடித்துத் தள்ளியது. மிஞ்சியது ஒன்றுமில்லை.

அவள் பாறை விளிம்பில் நின்றாள். அவர் நாலடி தள்ளி, முழங்காலில் கையூன்றிக் குனிந்து நின்றார். முழு வாக்கியம் பேச மூச்சு இல்லை.

“எருமை பால் சுரக்கலை” என்றார். “அப்புறம்?”

அவள் தலையைத் திருப்பினாள்.

“போங்கய்யா.”

“அப்புறம்?”

“மூணு நாளாத் தீனி வைக்கலை. எனக்குக் கையே ஓடலை.”

“அப்புறம்?”

அவள் தண்ணீரைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

“மாருல ஒரு கட்டி. பெரிய ஆஸ்பத்திரியில ஊசி குத்தி எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்புனாங்க. ரிப்போர்ட்டு வந்துருச்சு.”

“அப்புறம்?”

“மேலத்தெருவுல ஜெராக்ஸ் கடைக்காரன் படிச்சுச் சொன்னான். அந்த நோய்தானாம். எங்க அம்மைக்கும் அதுதான்யா. ரெண்டு வருஷம் படுக்கையில கிடந்தா. நான் பள்ளிக்கூடத்த விட்டுட்டு அவளுக்கு எல்லாம் அள்ளிப்போட்டேன். பொன்னரசி அள்ள வேண்டாம். அவ படிக்கட்டும்.”

தில்லைநாயகம் இந்தத் தடவை அப்புறம் என்று கேட்கவில்லை.

“ரிப்போர்ட்டு எங்கே?”

“பையிலதான் இருக்கு. அவ பாத்துத் தெரிஞ்சுக்கிடட்டும்னு வச்சேன்.”

மஞ்சப்பை அவர் கையிலேயே இருந்தது. அதோடுதான் ஓடி வந்திருக்கிறார். பாறையில் உட்கார்ந்து தாளை எடுத்தார். சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினார். இங்கிலீஷ். பாதி வார்த்தைகளுக்கு அவருக்கே அர்த்தம் தெரியாது. ஆனால் முப்பத்து நான்கு வருடம் செய்த மாதிரியே ஆள்காட்டி விரலை ஒவ்வோர் எழுத்தின் அடியிலும் வைத்து நகர்த்தினார். கடைசி வரியில் விரல் நின்றது. தாளை மடியில் வைத்துக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார். பிறகு பிழை பார்ப்பவர்கள் செய்வதுபோலக் கடைசி எழுத்திலிருந்து பின்னோக்கிப் படித்தார்.

“பேச்சியம்மா, இங்க வா.”

வந்தாள்.

“இந்த நீளமான வார்த்தை தெரியுதா?”

“ஆமா. இதைத்தான் அவன் காட்டுனான்.”

“அதான் நோயோட பேரு. அதுக்கு முன்னால சின்னதா ரெண்டே ரெண்டெழுத்து இருக்கு பாரு.”

“இருக்கு.”

“அதுக்கு ‘இல்லை’ன்னு அர்த்தம்மா. படிச்சவன் அதை விட்டுட்டான். அந்த நோய் இல்லைன்னுதான் எழுதியிருக்கு.”

அவளுக்குப் புரியவில்லை. “நல்லாப் பாருங்கய்யா.”

“மூணு தடவை பார்த்துட்டேன்.”

“இன்னொரு தடவை பாருங்க.”

அவர் இன்னொரு தடவை, சத்தமாக, எழுத்து எழுத்தாகப் படித்தார். அவள் அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரல் கடைசிப் புள்ளியில் நின்றதும் பாறையில் அப்படியே உட்கார்ந்து, வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு, உடம்பு குலுங்க அழுதாள். வெகுநேரம் அழுதாள். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, “ஐயோ, எருமை மூணு நாளாப் பட்டினி கிடக்கே” என்று எழுந்தாள்.

அப்போதுதான் தில்லைநாயகம் திரும்பிப் பார்த்தார். பத்தடி தள்ளி நாச்சியாரம்மா நின்றுகொண்டிருந்தார். அவர் காலிலும் செருப்பில்லை. சேலை முள்ளில் மாட்டி முழங்கால்வரை கிழிந்திருந்தது. முகம் வெளுத்திருந்தது. வந்து பேச்சியம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டார். ஊர் எல்லை வரும்வரை விடவில்லை.

மறுநாள் தில்லைநாயகமே அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். டாக்டர் சின்னப் பெண். தாளைப் பார்த்தார், கட்டியை அழுத்திப் பார்த்தார். “சாதாரணக் கட்டிதான். ஆறு மாசம் கழிச்சு வந்து காட்டுங்க” என்றார். அதற்கப்புறம் வைதார். “ரிப்போர்ட் வந்தா நேரா இங்க வரணும்னு சொன்னேனா இல்லையா? ஜெராக்ஸ் கடைக்காரர்தான் உங்களுக்கு டாக்டரா?” பேச்சியம்மாள் அந்த வசவு முழுவதையும் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொண்டாள். திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் கம்பியில் தலை சாய்த்து, வாய் திறந்தபடி ஊர் வரும்வரை தூங்கினாள். அவளுக்குத் தூக்கம் வந்து எத்தனை நாளாயிற்றோ. தில்லைநாயகம் அவளை எழுப்பாமல் கண்டக்டரிடம் இரண்டு டிக்கெட் வாங்கிக்கொண்டார்.

மாலையில் நொண்டிக்கொண்டே மடத்துக்குள் வந்தார்.

“காலைக் காட்டுங்க ஐயா” என்றார் நாச்சியாரம்மா.

“வேண்டாம்மா. நீங்க என் காலைத் தொடறதாவது?”

“நேத்து ஏறின முள்ளு. காட்டுங்க.”

அவர் கூச்சத்தோடு காலை நீட்டினார். குரு ஓர் ஊக்கை எடுத்து முள்ளை நெம்பத் தொடங்கினார்.

“அம்மா, நான் தப்பாச் சொல்லிட்டேன். அந்தச் சொல்லைத் திரும்ப எடுத்துக்குங்க.”

“நீங்க சொன்னது தப்பில்லை ஐயா.”

“ஒரு உயிர் போயிருக்குமே!”

“ஆமா. என் எதிரேதான் உட்கார்ந்திருந்தா. அந்தச் சொல்லை விட்டா அவகிட்ட கேட்க என்கிட்ட வேற ஒண்ணுமே இல்லை. வாசல் தாண்டிப் போனதுக்கப்புறம்தான் எனக்கு உடம்பு பதறிச்சு.” ஊக்கைத் துடைத்துக்கொண்டார். “எத்தனை வருஷமா வாய் மட்டும் கேட்டுக்கிட்டிருந்ததோ, தெரியலை.”

முள் வெளியே வந்தது. வலி சட்டென்று விட்டது. தில்லைநாயகம் பெருமூச்சு விட்டார்.

“ஆனா எனக்கு ஒண்ணு புரியலைம்மா.”

“சொல்லுங்க.”

“நானும் அதே தேய்ஞ்ச சொல்லைத்தான் கேட்டேன். எனக்குப் பிடிக்கவே பிடிக்காத சொல். அதுக்கு எப்படி அவ திரும்பினா?”

நாச்சியாரம்மா அவருடைய பாதத்தில் மஞ்சளும் எண்ணெயும் குழைத்துத் தடவினார்.

“நான் உட்கார்ந்துக்கிட்டே கேட்பேன் ஐயா” என்றார். “நீங்க ஓடிவந்து கேட்டீங்க.”