சம்பந்தி கட்டிய கரை

காக்கை வெள்ளையாக இருந்ததாகச் சொல்கிறார்களே, அதற்குச் சற்றுப் பிந்திய காலம். ஒரு நாட்டில் ஓர் அரசன் இருந்தான். கதை அவனுடையது அன்று. அவனுடைய ஏரிக் கண்காணி சேந்தனுடையது.

கண்காணி என்பவன் கட்டுபவன் அல்லன். பிறர் கட்டியதில் குறை காண்பதற்கென்றே சோறு போடப்படுபவன். புதுக் கரை எழுந்தால் சேந்தன் வருவான். தலையில், நடுவில், மதகருகில் என்று மூன்று இடங்களில் இரும்புக் கோலால் குத்திப் பார்ப்பான். அவன் “நிற்கும்” என்ற பிறகே நீர் தேக்குவார்கள்.

அந்த ஆண்டு பெரிய ஏரிக்குக் கரை கட்டியவர் காரி. காரியின் மகனுக்கும் சேந்தன் மகள் நங்கைக்கும் தை மாதம் திருமணம் என்று வெற்றிலை பாக்கு மாற்றியாயிற்று.

சேந்தன் கரைக்குப் போகவில்லை. அரசனிடம் போனான்.

“அரசே, இதை நான் சோதிக்கக் கூடாது. பக்கத்து நாட்டு ஏரிக் கண்காணி எயினனை அழையுங்கள்.”

“எயினனா? உன்னைத் திட்டாமல் அவனுக்குச் சோறு இறங்காதே!”

“அதனால்தான் அரசே.”

“உன் கண்ணில் கோளாறா?”

“கண் நன்றாகத்தான் இருக்கிறது. நடுவில் என் மகள் நிற்கிறாள்.”

செய்தி கேட்டுக் காரி கொதித்து வந்தார். “அந்நியனை அழைத்து என் முகத்தில் கரி பூசுகிறீரே! நீரே குத்திப் பாரும். இல்லையேல் வேறு மாப்பிள்ளை பாரும்.”

சேந்தனால் மகளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவளே கேட்டாள்: “நல்ல கரைதானா அப்பா?”

“நல்ல கரையாகவே இருக்கலாம் அம்மா. அதை நான் சொன்னால் யார் நம்புவார்கள்?”

“நானே நம்ப மாட்டேன்” என்றாள் நங்கை.

எயினன் வந்தான். குத்தினான், குத்தினான், மறுபடியும் குத்தினான். குறை கிடைக்காத துக்கத்தோடு, “நிற்கும்” என்று முணுமுணுத்துவிட்டுப் போனான். காரியோ முறுக்கிக்கொண்டார், திருமணப் பேச்சு நின்றது.

ஐப்பசியில் பேய்மழை. ஏரி விளிம்பைத் தொட்டது. கரைக்குக் கீழே இருந்த கீழூரார் மண்வெட்டியோடு ஓடிவந்தார்கள். தங்கள் ஊரைக் காக்க, மேலூர்ப் பக்கம் கரையை வெட்டி நீரைத் திருப்பிவிட எண்ணம். திருப்பினால் மேலூர் மிதக்கும். காரி குறுக்கே நின்று கத்தினார்: “கரை நிற்கும்!”

“கட்டியவன் வேறு என்ன சொல்வான்? சரி என்றவன் உன் சம்பந்திதானே!”

“சம்பந்தி கரைப்பக்கமே வரவில்லை. பார்த்தவன் எயினன்!”

“யார், அந்தச் சிடுமூஞ்சியா? அவனா நல்லது சொன்னான்?”

மண்வெட்டிகள் தாழ்ந்தன. அவற்றாலேயே கரைக்கு மண் அணைத்தார்கள். கரை நின்றது. இரண்டு ஊரும் பிழைத்தன.

காரி நனைந்த உடையோடு நேரே சேந்தன் வாசலுக்கு வந்தார். “சம்பந்தி, கல்யாணப் பந்தல் போடுவது என் மைத்துனன். பலமா என்று பார்க்க வேறு ஆள் அனுப்பும். நான் பார்க்க மாட்டேன்.”

தனக்கு வேண்டியவர் செய்த வேலைக்குத் தானே சான்று சொல்லாமல் விலகி நிற்பவனே, அந்த வேலைக்கும் ஊருக்கும் நன்மை செய்தவன்.