வாய் மூடாத கீரி

இந்தக் கீரியைக் கொல்ல ஏதாவது வழி உண்டா என்று ஒருவர் எழுதியிருந்தார். அதன் வாயைக் கட்ட ஒரு கயிறாவது கொடுங்கள் என்று இன்னொருவர். மூன்றாவது தாளில் ஒரே வரி: ‘நான் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன்?’

அருளப்பன் மூன்று தாள்களையும் மேஜைமேல் வீசினார். அவருக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

பீளமேட்டில் வீடியோ கேம் செய்யும் சின்ன நிறுவனம் அது. மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் ஹசீனா. அங்கே எல்லோரும் அவரை ஆசான் என்றுதான் கூப்பிடுவார்கள். கிண்டலாக ஆரம்பித்த பெயர், அப்படியே ஒட்டிக்கொண்டது. அருளப்பன் அவரைவிடப் பதின்மூன்று வயது மூத்தவர். இருபது வருஷம் கணக்கு டியூஷன் எடுத்துவிட்டு, கேமுக்குப் புதிர் அமைக்கக் கற்றுக்கொள்ள ஆசானிடம் சேர்ந்திருந்தார்.

காட்டுக்குள் புதைந்துபோன கோட்டையில் ஒரு பெண் தன் தம்பியைத் தேடிப் போவதுதான் கேம். கூடவே ஒரு கீரி போகும். அவள் வழி தெரியாமல் நின்றால் அது சொல்லிக்கொடுக்கும். கீரி பேசுகிற ஒவ்வொரு வரியும் அருளப்பன் எழுதியது. ஒன்றரை வருஷ உழைப்பு. விளையாடிப் பார்க்க வந்தவர்களுக்கோ அதைக் கண்டாலே ஆகவில்லை. கீரி இருக்குமா போகுமா என்று ஆசான் அன்று சாயங்காலத்துக்குள் முடிவு சொல்லியாக வேண்டும்.

“உதவி செஞ்சதுக்கு இதுதான் மரியாதையா, ஆசான்?”

கீரி இல்லாவிட்டால் இவர்களில் பாதிப்பேர் முதல் கதவையே தாண்டியிருக்க மாட்டார்கள் என்றார். நன்றி கெட்ட ஜனம் என்றார். டியூஷன் பிள்ளைகளும் இப்படித்தான், பாஸான பிறகு தெருவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள் என்று பொரிந்து தள்ளினார். அவர் ஓய்ந்த பிறகுதான் ஆசான் கேட்டார்.

“ஒருத்தர் எவ்வளவு நேரம் நின்னா கீரி பேசும், சார்?”

“ஒன்பது செகண்ட்.”

“ஒன்பதுன்னு எப்படி முடிவு பண்ணினீங்க?”

“நானே விளையாடி டைம் பார்த்தேன்.”

புதிரைப் போட்டவரே அதை விடுவித்து, அதற்கு ஆன நேரத்தைக் குறித்து, அதைத்தான் ஊருக்கெல்லாம் வைத்திருக்கிறார். நமக்குச் சிரிப்பு வரலாம். ஆசானுக்கு வரவில்லை. முகம் சிவந்துபோய் எழுந்தார்.

“வாங்க” என்றார்.

அந்த நிறுவனத்தில் ஒரு வழக்கம் உண்டு. வெளியாள் யாராவது விளையாடிப் பார்க்க வந்தால், அந்தக் கட்டத்தைச் செய்தவர் பின்னால் நாற்காலி போட்டு உட்கார வேண்டும். வாய் நிறையத் தண்ணீரை வைத்திருக்க வேண்டும். துப்பவும் கூடாது, விழுங்கவும் கூடாது. அருளப்பன் ஒருநாளும் அப்படி உட்கார்ந்ததில்லை. பல்வலி என்று சொல்லி வேறு யாரையாவது அனுப்பிவிடுவார்.

அன்று வந்திருந்தவர் துளசிமணி. பக்கத்துத் தெருவில் பியூட்டி பார்லர் நடத்துகிறவர். அவரைத் திரைமுன் உட்காரவைத்து, ஆசான் கீரியின் குரலை அணைத்தார். பிறகு அருளப்பனிடம் ஒரு டம்ளரை நீட்டினார்.

“நாற்பத்தெட்டு வயசு ஆளை இப்படி உட்கார வெக்கறது அவமானம், ஆசான்.”

“ஆமாம், சார். குடிச்சிடாதீங்க.”

திரையில் வந்தது நான்கு மணிகள் தொங்கும் கதவு. எந்த மணிக்குப் பின் எந்த மணியை அடிப்பது என்பது எதிர்ச் சுவரில் பறக்கும் நான்கு கொக்குகளைப் பார்த்தால் தெரியும். பெரிய கொக்குக்குப் பெரிய மணி, சின்னதற்குச் சின்னது. அந்தக் கொக்குகள் சரியாக வர வேண்டும் என்று ஓவியரை ஆறு தடவை திரும்ப வரையவைத்தவர் அருளப்பன். ஆனால் ஒன்பதாவது செகண்டில் கீரி ‘கொக்கைப் பார், கொக்கைப் பார்’ என்று கத்திவிடும். எல்லோரும் ஒரு பார்வை பார்த்து, மணியை அடித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

துளசிமணி முதலில் பெரிய மணியை அடித்தார். கதவு அசையவில்லை. மறுபடியும் அதையே அடித்தார். ஒன்பது செகண்ட் எப்போதோ போய்விட்டது. அருளப்பனின் கன்னங்கள் புடைத்தன. கை தானாக எழுந்து எதிர்ச் சுவரைக் காட்டப்போனது. ஆசான் அந்தக் கையைப் பிடித்து நாற்காலியோடு அழுத்திக்கொண்டார்.

இரண்டு நிமிஷம் ஆயிற்று. அருளப்பனுக்குத் துளசிமணிமேல் கோபம் வந்தது. கண் என்ன பின்மண்டையிலா இருக்கிறது என்று மனசுக்குள் திட்டினார். மூன்றாவது நிமிஷம் தன்மேலேயே வந்தது. இவ்வளவு நேரம் ஆகும் என்று தனக்கு எப்படித் தெரியாமல் போயிற்று?

துளசிமணி அடிப்பதை நிறுத்திவிட்டு, கேமில் வரும் பெண்ணை அறைக்குள் சும்மா நடக்கவிட்டார். எதிர்ச் சுவருக்கு முன்னால் அவள் நின்றாள். துளசிமணி தலையைச் சாய்த்து ஒவ்வொரு கொக்காகப் பார்த்தார். கழுத்து, இறக்கை, பின்னால் நீட்டிய கால். ஓவியர் ஆறு தடவை வரைந்ததை முதன்முதலாக ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார். அருளப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது.

துளசிமணி அவளைத் திரும்ப மணிகளிடம் கொண்டுபோனார். கொக்குகள் பறக்கும் வரிசையிலேயே ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று அடித்தார். கதவு திறந்தது.

துளசிமணி தன் தொடையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டிவிட்டு, நாற்காலியோடு பின்பக்கம் திரும்பினார்.

“பாத்தீங்களாங்க? நானேதானுங்க கண்டுபிடிச்சேன்.”

அருளப்பனால் பேச முடியவில்லை. வாய் நிறையத் தண்ணீர். தலையை மட்டும் வேகமாக ஆட்டினார். துளசிமணிக்கு அதுவே போதுமாக இருந்தது. சிரித்துக்கொண்டே அடுத்த அறைக்குள் நுழைந்தார்.

அவரை வழியனுப்பிய பிறகு அருளப்பன் வாயைத் துடைத்துக்கொண்டார். கோபம் முழுசாக ஆறவில்லை.

“புரியுது. கீரியைத் தூக்கிடலாம்ங்கறீங்க. ஒண்ணுமே சொல்லக்கூடாதுன்னா அது எதுக்கு, ஆசான், வேடிக்கை பார்க்கவா?”

ஆசான் காலி டம்ளரை எடுத்துக்கொண்டார்.

“கீரி கூடவே இருக்கட்டும், சார், பேச மட்டும் வேண்டாம். கதவு திறந்ததும் அந்தம்மா திரும்பினாங்களே, அப்போ பின்னாடி வெறும் நாற்காலி மட்டும் கெடந்திருந்தா?”