தண்ணீரோடு நடந்த குருவி

அந்தக் காலத்தில், பறவையும் விலங்கும் ஒரே பேச்சுப் பேசிக்கொண்டிருந்தபோது, செம்பாறை ஏரியிலிருந்து ஒரே ஒரு வாய்க்கால்தான் கீழே இறங்கியது. அந்த வாய்க்காலை நம்பி ஆறு குட்டைகள் இருந்தன. முதல் குட்டை எருமையுடையது. இரண்டாவது மீன்கொத்தியுடையது. இப்படியே இறங்கி, பனங்காட்டைத் தாண்டிக் கடைசியாகக் கிடந்த ஆறாவது குட்டை தவளையுடையது.

காலையில் ஒரு குட்டைக்கு, பிற்பகலில் ஒரு குட்டைக்கு என்று மூன்று நாளில் ஒரு சுற்றுத் தண்ணீர் வரும். அவரவருக்கு வரும் அந்தப் பங்குக்கு முறை என்று பெயர். மடையைத் திறப்பதும் களிமண்ணை அப்பி அடைப்பதும் நீர்நாயின் வேலை. எப்போது திறக்க வேண்டும், எப்போது அடைக்க வேண்டும் என்று சொல்வது நிழற்குருவியின் வேலை.

நிழற்குருவி என்று இன்று சொன்னால் யாருக்கும் தெரியாது. கறுப்பு முதுகும் வெள்ளைப் புருவமும் நீண்ட வாலுமாக இருந்த அவள், மடைக்குப் பக்கத்துக் கல்லில் அசையாமல் நிற்பாள். அவள் வாலின் நிழல் கல்லில் விழும். கல்லில் கோடுகள் கீறியிருக்கும். ஒரு கோட்டில் நிழல் தொட்டால் திற, அடுத்த கோட்டில் தொட்டால் அடை. காற்று அடித்தாலும் அந்த வால் ஆடாது. அலகின் மேல் எறும்பு ஊர்ந்தாலும் ஆடாது. அவளுக்கு அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு.

எவ்வளவு நல்ல நாட்கள் அவை! ஏரி தளும்பிக் கிடந்தது. வாய்க்கால் ஓரத்தில் கோரை ஆள் உயரம் நின்றது. சுற்று முடிகிற நாளில் எல்லோரும் மருத மரத்தடியில் கூடுவார்கள். அதுதான் அவர்களுடைய தண்ணீர்ச் சந்தை. மூன்றாம் குட்டை நாரைக்கு இந்தச் சுற்றில் நீர் வேண்டாமென்றால், தன் முறையை ஆமைக்குக் கொடுத்துவிட்டு நாலு நத்தை வாங்கிக்கொள்ளும். எருமை தன் முறையைக் கொடுத்துவிட்டு முதுகு சொறியச் சொல்லும். கொடுத்தவரும் சிரிப்பார், வாங்கியவரும் சிரிப்பார். கல்லில் நின்றபடியே நிழற்குருவி அத்தனையையும் கேட்டுக்கொண்டிருப்பாள்.

பிறகு ஒரு வருடம் மழை பொய்த்தது. ஏரி பாதியானது. நான்காம் குட்டை ஆமையும் ஐந்தாம் குட்டைத் தாரா வாத்தும், வரவர எங்களுக்குத் தண்ணீரே எட்டுவதில்லை என்று சலித்துப்போய், தங்கள் முறைகளை மேலே இருப்பவர்களுக்கே கொடுத்துவிட்டு வேறு நீர் தேடிப் போய்விட்டார்கள். தவளையால் போக முடியவில்லை. அவளுடைய குட்டையில் நூற்றுக்கணக்கில் தலைப்பிரட்டைகள் இருந்தன. எதற்கும் இன்னும் கால் முளைக்கவில்லை.

தவளை மருத மரத்தடிக்கு வந்து எருமையிடம் பேசினாள். அடுத்து வரப்போகும் தன் பிற்பகல் முறைகளை எருமை எடுத்துக்கொள்ளட்டும், எருமையின் காலை முறைகளைத் தனக்குத் தரட்டும் என்றாள். வெயில் ஏறுமுன் தண்ணீர் வந்து சேருமே என்பது அவள் எண்ணம். மேற்கொண்டு, தன் அக்காள் தங்கைகளோடு வந்து எருமையின் காதோரம் கொசு பிடித்தும் கொடுத்தாள். எருமைக்குப் பரம சந்தோஷம்.

முதல் காலை முறை வந்தது. நிழல் கோட்டைத் தொட்டதும் திறந்தார்கள். அடுத்த கோட்டைத் தொட்டதும் அடைத்தார்கள். அன்று மாலை தவளை வாய்க்கால் முழுக்கத் தத்தித் தத்தி ஏறி வந்தாள். உடம்பெல்லாம் புழுதி.

"குருவி மதினி, என் முறையை எங்கே ஒளிச்சு வெச்சிருக்கீங்க?" என்றாள்.

நிழல் கோட்டைத் தொட்ட பிறகுதான் அடைக்கச் சொன்னேன் என்றாள் குருவி. ஒரு சொட்டுக்கூட வந்து சேரவில்லை என்றாள் தவளை. மடைமேல் உட்கார்ந்திருந்த மீன்கொத்திக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"நின்னுகிட்டே தூங்கறவங்க ஆடவா போறாங்க? நாமதான் அசையாம நிக்கிறாங்கன்னு நெனச்சுக்கிட்டு இருக்கோம்."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். குருவிக்குக் காதுவரை சுட்டது. அவள் ஒரு நாளும் தூங்கியதில்லை. ஆனால் தவளையின் காய்ந்த தோலைப் பார்த்தால் அவள் சொல்வதும் பொய்யில்லை. திறந்த தண்ணீர் திறந்ததுதான், வராத தண்ணீர் வராததுதான். நடுவில் என்ன ஆனது? இத்தனை வருடம் மடைவாயிலேயே நின்றிருந்தும், அந்த வாய்க்கால் எப்படிப் போகிறது என்று ஒரு நாளும் பார்த்ததில்லையே என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

குட்டையில் இருக்கும் சேறு இன்னும் நான்கு நாள்கூடத் தாங்காது என்று சொல்லிவிட்டுத் தவளை திரும்பிப் போனாள். அடுத்த காலை முறைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.

அந்த நாள் காலை நிழல் முதல் கோட்டைத் தொட்டதும், "திறங்க அண்ணே" என்றாள் குருவி. நீர்நாய் களிமண்ணைப் பெயர்த்தார். தண்ணீர் பாய்ந்தது. குருவி கல்லைவிட்டு இறங்கினாள்.

"எங்கேம்மா போறே?" என்று நீர்நாய் பதறினார். "கல்லுல நீ இல்லாட்டி நிழலுக்கு எங்கே போவேன்?"

"நான் வந்து சொல்ற வரைக்கும் அடைக்காதீங்க. இன்னைக்கு நான் தண்ணிகூடப் போறேன்."

அதுவரை யாரும் மடையைத் திறந்து போட்டுவிட்டு நகர்ந்ததில்லை.

தண்ணீரின் நுனிக்கு ஓரடி முன்னால் அவள் நடந்தாள். நிழல் இல்லாமல் நேரத்தை எப்படி அளப்பது? வாயால் எண்ணிப் பார்த்தாள், பாதியில் தப்பியது. கடைசியில் வாலை ஒரு முறை இறக்கி ஏற்றினாள். பழக்கமில்லாத வால் காய்ந்த குச்சிபோல வலித்தது. இறக்கி ஏற்றினால் ஒன்று, மறுபடி இறக்கி ஏற்றினால் இரண்டு. நூறு ஆனதும் கரையில் அலகால் ஒரு கீறல்.

மூன்றாம் குட்டை வரை தண்ணீர் துள்ளிக்கொண்டு போனது. அதுவரை வாய்க்கால் தினமும் நனைகிற இடம். அதைத் தாண்டியதும் நடை தளர்ந்தது. தரை பாளம் பாளமாக வெடித்திருந்தது. நுனி ஒரு வெடிப்பைத் தொடும், உள்ளே இறங்கும், குபுகுபுவென்று காற்று வெளியே வரும். வெடிப்பு நிறைந்த பிறகுதான் தண்ணீர் மேலே ஏறி அடுத்த வெடிப்புக்குப் போகும். உள்ளேயிருந்து எறும்பும் பூச்சியும் சாரைசாரையாக ஓடி வந்தன. குருவிக்குப் பசி. குனிந்தால் எண்ணிக்கை தவறும் என்று பார்க்காததுபோல் நடந்தாள். இரண்டை மட்டும் தின்றாள்.

ஐந்தாம் குட்டைக்கு அருகில் தலைக்கு மேல் நீல இறக்கை படபடத்தது. மீன்கொத்தி.

"நல்லாயிருக்கு உன் காவல்! காலை முறை முடிஞ்சு என் முறை ஓடிக்கிட்டிருக்கு. வந்து அடைக்கச் சொல்லு."

குருவி நின்றாள். இப்போது அடைத்தால் இந்த நுனி இங்கேயே மண்ணுக்குள் போய்விடும். ஆறாம் குட்டை இன்னும் கண்ணுக்கே தெரியவில்லை. அடைக்காவிட்டால் மற்றவன் முறையை அள்ளிக் கொடுத்தவள் ஆவாள். நிழல் காத்தவளுக்கு அதைவிடக் கெட்ட பெயர் கிடையாது. இனி அந்தக் கல்லில் யார் நிற்கவிடுவார்கள்?

"தம்பி, என்னைத் திட்டறது இருக்கட்டும். காலையில திறந்த தண்ணி எங்கே இருக்குன்னு நீயே கீழே பாரு" என்று சொல்லிவிட்டு, வாலை இறக்கினாள், ஏற்றினாள், அடுத்த அடி வைத்தாள்.

ஆழத்தில் போகிற மீனைக் கண்டுபிடிக்கிற கண் மீன்கொத்தியினுடையது. ஆனால் காலி வாய்க்காலை அவன் பார்த்ததே இல்லை. பார்த்தான். ஒரு வெடிப்பு குடித்தது, அடுத்தது குடித்தது, அதற்கடுத்தது வாயைத் திறந்து காத்திருந்தது. அவன் திரும்பிப் போகவில்லை. பனைக்குப் பனை தாவிக் கூடவே வந்தான்.

தண்ணீர் போய்ச் சேர்ந்தபோது தவளையின் குட்டை ஒரு குளம்படி அளவுக்குச் சுருங்கியிருந்தது. அதற்குள் தலைப்பிரட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கறுத்துக் கிடந்தன. நுனி உள்ளே நுழைந்தது. முதலில் ஒன்று நெளிந்தது, பிறகு நாலு, பிறகு குட்டையே கலங்கியது. தவளை குட்டை ஓரத்துக்கு நகர்ந்தாள். முன்னங்கால் இரண்டையும் தண்ணீரில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

அன்று மாலை குருவி எல்லோரையும் வாய்க்கால் கரையோடு அழைத்துப்போய்க் கீறல்களைக் காட்டினாள். ஈரம் இருந்த இடத்தில் கீறல்கள் தள்ளித் தள்ளி இருந்தன. காய்ந்த இடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. ஐந்தாம் குட்டைக்கு வருவதற்குள் ஒரு முறை முழுவதும் தீர்ந்துபோனதை யாரும் விளக்கவேண்டியிருக்கவில்லை.

எருமை குனிந்து கீறல்களைப் பார்த்தாள். "நான் தண்ணியைக் கொடுத்தேன்னு நெனச்சேன். வாய்க்காலுக்கில்ல குடிக்கக் கொடுத்திருக்கேன்! கொசு பிடிச்சதெல்லாம் இனாமாப் போச்சே" என்றாள்.

தன் முறையில் முக்கால்வாசி போனதை மீன்கொத்தி முணுமுணுத்தான். அதைக் குடித்தது வாய்க்கால்தான், போய் அதனிடம் கேள் என்றாள் எருமை. அவனே சிரித்துவிட்டான். எட்டாத தண்ணீரை இனி யார் வாங்குவார்கள், பிறகு சந்தை எதற்கு என்று நீர்நாய் கேட்டார். பேசிப் பேசிக் கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். வாய்க்கால் எல்லோருக்கும் பொது, ஆகையால் அதன் தாகமும் எல்லோருக்கும் பொது. அதை நனைக்கிற முதல் தண்ணீர் யாருடைய முறையும் ஆகாது. குட்டையின் வாயைத் தண்ணீர் தொட்ட பிறகுதான் முறை தொடங்கும். செய்தி கேட்டு ஆமையும் தாராவும் திரும்பி வந்தார்கள்.

தண்ணீர் வாயைத் தொட்டதா என்று கல்லில் நின்றுகொண்டு சொல்ல முடியாது. யாராவது கூடவே நடக்க வேண்டும். அந்த வேலையையும் குருவிக்கே கொடுத்தார்கள்.

மறுநாள் விடியற்காலை, ஆளில்லாத நேரத்தில், அவள் பழைய கல்லில் ஏறி நின்று பார்த்தாள். கோடுகள் அப்படியே இருந்தன. வெயில் விழுந்தது. வாலின் நிழல் மட்டும் கோட்டில் நிற்கவில்லை, மேலும் கீழுமாகப் போய் வந்தது. மூச்சைப் பிடித்துப் பார்த்தாள், இறக்கையை இறுக்கிப் பார்த்தாள். வால் தன் பாட்டுக்கு எண்ணிக்கொண்டிருந்தது. நீர்நாய் கீழேயிருந்து பார்த்துவிட்டு, பார்க்காதவர்போல் களிமண் பிசைந்தார்.

"திறக்கட்டுமா அம்மா?"

"திறங்க அண்ணே" என்று சொல்லிவிட்டுக் குருவி வாய்க்காலுக்குள் குதித்தாள்.

அன்று முதல்தான் அவளுக்கு வாலாட்டி என்று பெயர் வந்தது. காய்ந்த வாய்க்காலில் எங்கே புதுத் தண்ணீர் விட்டாலும், அதன் நுனிக்கு ஓரடி முன்னால், கடைசிக் குட்டை இன்னும் எவ்வளவு தூரம் என்று வாலால் எண்ணிக்கொண்டு வாலாட்டிக் குருவி நடந்துபோவதும் அன்று முதல்தான்.