கையில் கட்டிய சோறும் பொரிப்பாறை வெள்ளமும்

சாலைக்குளத்தில் ஆணிக்கடை தங்கப்பழம் வீடு எது என்று கேட்டால் யாரும் கை காட்டுவார்கள். காட்டிவிட்டுக் கொஞ்சம் சிரித்துக்கொள்வார்கள். அந்த வீட்டில் நான்கு பேர். நான்கு பேருமே சொல் தவறாதவர்கள். அதாவது, யார் எதைச் சொன்னாலும் அந்தச் சொல்லைவிட்டு ஓர் எழுத்துகூட இப்படி அப்படி நகராதவர்கள். அவர்களுக்கு அறிவு இல்லை என்று சொல்லிவிட முடியாது. எடுத்துப் புழங்கினால் தேய்ந்துவிடும் என்று பத்திரமாக வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

தங்கப்பழம் வீட்டுக்குத் தலைவர். அவருடைய அப்பா பிச்சைக்கனிக்கு வாயில் ஆறு பல், பேச்சில் குறைவில்லை. தம்பி வைகுண்டம் எட்டாவது வரை படித்தவன், ஆகையால் குடும்பத்தின் அறிஞன். நான்காவது ஆள் தங்கப்பழத்தின் மனைவி செல்லக்கனி.

செல்லக்கனிக்கு உலகத்தில் ஒரே ஓர் ஆசை. அவள் உப்பளத்துப் பக்கம் பிறந்து வளர்ந்தவள். தலையில் தானாக வந்து விழுகிற தண்ணீரை மழைக்காலத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறாள், அதுவும் கூரை ஓட்டை வழியாக. ஒரு தடவையாவது அருவியில் போய் நிற்க வேண்டும். கல்யாணமாகிப் பதினான்கு வருஷமாக ஆடி மாதம் பிறந்ததும் கேட்பாள். "அடுத்த வருஷம் பாப்போம்" என்பார் தங்கப்பழம். சொல் தவறாத மனுஷன். ஒவ்வொரு வருஷமும் அடுத்த வருஷத்தைத்தான் பார்த்தார்.

இப்படி இருக்கும்போது ஊர்க் கல்யாண மண்டபத்தில் இயற்கை வாழ்வு பற்றி ஒரு கூட்டம் நடந்தது. பேசியவர் நலம் நாகலிங்கம். நோட்டீசில் சுண்டல் உண்டு என்று போட்டிருந்ததால் நால்வரும் முன்வரிசையில் இருந்தார்கள். நாகலிங்கம் மூன்று மணி நேரம் பேசினார். வெள்ளையாக இருக்கிற எதையும் சாப்பிடக் கூடாது என்றார். பாக்கெட்டில் இருக்கிற எதுவும் வயிற்றுக்குள் போகக் கூடாது என்றார். ஒரு கவளத்தை முப்பத்திரண்டு தடவை மெல்ல வேண்டும், சூரியன் மறைவதற்குள் ராத்திரிச் சாப்பாட்டை முடித்துவிட வேண்டும், வருஷத்துக்கு ஒரு தடவை குடும்பத்தோடு மலை, அருவி என்று போய்வர வேண்டும் என்றெல்லாம் சொன்னார். வைகுண்டம் எதையும் விடாமல் எழுதிக்கொண்டான்.

அருவி என்ற சொல் காதில் விழுந்ததும் செல்லக்கனிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பெரிய மனுஷர் மைக்கில் சொல்லிவிட்டார். இனி யாராலும் மறுக்க முடியாது.

மறுநாள் காலையில் தோசை வார்த்தாள். மூன்று ஆண்களும் தட்டைச் சுற்றி உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வெள்ளையா இருக்கே" என்றார் தங்கப்பழம்.

"திருப்பிப் போடுங்க மதினி" என்றான் வைகுண்டம். திருப்பிப் போட்டாள். அந்தப் பக்கம் நல்ல சிவப்பு.

"அப்ப இது பாதி நல்லது, பாதி கெட்டது. என்ன செய்ய?"

வைகுண்டம் எழுதி வைத்திருந்ததைப் புரட்டிப் பார்த்தான். "செவப்புப் பக்கத்தை மேல வச்சு, அடிப்பக்கத்தைப் பாக்காம சாப்பிட்டா தப்பில்லண்ணே. நம்ம பாத்தாத்தான அது வெள்ளை."

பாலுக்கும் அப்படியே ஒரு வழி பிறந்தது. பாக்கெட் பாலைச் செம்பில் ஊற்றிவிட்டால் அது செம்புப் பால். கருப்பட்டியைப் போட்டுவிட்டால் வெள்ளையும் இல்லை. சிக்கல் வந்தது பிச்சைக்கனிக்குத்தான். அவர் சட்டைப் பாக்கெட்டில் எப்போதும் வறுத்த கடலை வைத்திருப்பார்.

"ஏல வைகுண்டம், இது பாக்கெட்டுல இருக்கே, திங்கலாமா?"

"கூடாதுப்பா. நாகலிங்கம் ஐயா தெளிவாச் சொன்னாரு."

கிழவர் ஒரு பிடி கடலையை ஏக்கத்தோடு எடுத்துப் பார்த்துவிட்டு, அன்றிலிருந்து வேட்டி மடிப்பில் முடிந்து வைத்துக்கொண்டார். உடம்பு லேசானது போல இருக்கிறது என்று எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொன்னார்.

அடுத்தது பயணம். பஸ் ஸ்டாண்டு பக்கம் டிராவல்ஸ் வைத்திருந்த அருளானந்தத்திடம் போய், சிக்கனமாக ஓர் அருவிக்குப் போய்வர வழி கேட்டார்கள். பொரிப்பாறை அருவி பக்கம்தான் என்றார் அவர். "சீசன் இல்லாதப்ப போங்கண்ணாச்சி. கூட்டம் இருக்காது, ரூம் பாதி விலைக்குக் கிடைக்கும். சுமையைக் குறைங்க. ஓட்டல்ல போய்ச் சாப்பிட்டுக் காசைக் கரியாக்காம, சோத்தைக் கையோட கட்டிக்கிட்டுப் போயிருங்க."

எல்லாம் நல்ல யோசனைதான். தவறான இடத்தில் சொல்லப்பட்டது.

சீசன் இல்லாத மாதம் எது என்று விசாரித்து, தார் ரோடு இளகுகிற பங்குனியில் நாள் குறித்தார்கள். சுமையைக் குறைக்க வேண்டுமே, பெட்டி இல்லாமல் எல்லாத் துணியையும் உடுத்திக்கொண்டார்கள். தங்கப்பழம் நான்கு சட்டை, அதன் மேல் ஒரு துண்டு. செல்லக்கனி மூன்று புடவை. தட்டுகளை மட்டும் ஆளுக்கொன்றாக இடுப்பில் செருகிக்கொண்டார்கள். வெள்ளை ஆகாது என்பதால் சிவப்பான மாப்பிள்ளைச் சம்பா அரிசியில் புளிச்சோறு கிளறி, வாழை இலையில் ஆளுக்கு இரண்டு வேளைக்கு மடித்தாள்.

"கையோட கட்டணும்" என்று நினைவுபடுத்தினான் வைகுண்டம்.

அப்படியே வலது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை பொட்டலங்களை வைத்து, வேட்டித் துணியைக் கிழித்துச் சுற்றிக் கட்டினாள். வேர்க்க விறுவிறுக்க நால்வரும் பஸ்ஸில் ஏறியதும், உட்கார்ந்திருந்தவர்கள் பதறி எழுந்து இடம் கொடுத்தார்கள்.

கண்டக்டர் அருகில் வந்து மெதுவாகக் கேட்டார். "நாலு பேருக்கும் ஒரே கையிலயா அடி?"

"அடி இல்லீங்க" என்றாள் செல்லக்கனி. "புளிச்சோறு."

கண்டக்டர் நான்கு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு நகர்ந்தார். அனுபவசாலி.

மத்தியானம் பசித்தது. வலது கை கட்டில் இருந்ததால் ஒருவர் கட்டை ஒருவர் இடது கையால் அவிழ்த்து, ஒருவருக்கொருவர் ஊட்டிக்கொண்டார்கள். ஒவ்வொரு கவளத்துக்கும் முப்பத்திரண்டு. வைகுண்டம் உரக்க எண்ணினான், மற்றவர்கள் மென்றார்கள். பிச்சைக்கனி மட்டும் ஆறு எண்ணியதும் விழுங்கினார்.

"என்னப்பா, அதுக்குள்ள?"

"முப்பத்திரண்டு பல் உள்ளவனுக்கு முப்பத்திரண்டு. எனக்கு ஆறுதான் கணக்கு."

இது நியாயமா இல்லையா என்று வாதம் நடந்தது. "பொரிப்பாறை எறங்கு" என்று கண்டக்டர் கூவியபோது வைகுண்டம் பத்தொன்பதில் இருந்தான். நடுவில் விட்டால் முதலிலிருந்து மெல்ல வேண்டும். ஆகவே எண்ணி முடித்துவிட்டு நிதானமாக எழுந்தபோது ஊர் நான்கு மைல் பின்னால் போயிருந்தது. மூன்று புடவையோடு அந்த வெயிலில் செல்லக்கனி திரும்பி நடந்தாள். அருவியை நோக்கி அவள் நடக்கிற முதல் நான்கு மைல் அது.

லாட்ஜ் மேனேஜர் அவர்களைப் பார்த்து ஆச்சரியப்பட்டார். மாசி பிறந்ததிலிருந்து அவர் பார்த்த முதல் விருந்தாளிகள்.

"எதுக்கு வந்திருக்கீங்க?"

"குளிக்க."

"ரூமுக்குள்ளயே பாத்ரூம் இருக்கு" என்று சாவியைக் கொடுத்தார்.

அறைக்குள் போய் முதல் சட்டையைக் கழற்றும்போதே வைகுண்டம் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு நடுங்கினான். மணி ஐந்துகூட ஆகவில்லை. சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணே, மறையப் போவுது. சாப்பாட்டை எடுங்க."

பொட்டலத்தைப் பிரித்துத் தட்டில் போடுவதற்குள் முற்றத்து வெயில் போய்விட்டது. ஆனால் எதிர்ப் பாறையின் பாதி உயரத்தில் இன்னும் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. "அங்க இன்னும் மறையல" என்றார் தங்கப்பழம். தட்டோடு ஓடினார்கள். பாறையில் ஏறிப் போய் உட்கார்ந்தால் அங்கேயும் நிழல் வந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் மேலே வெயில். ஏறினார்கள். ஒரு கவளத்தை வாயில் வைத்து மூன்று எண்ணுவதற்குள் அதுவும் போனது. இப்படி வெயிலைத் துரத்திக்கொண்டு பாறையின் உச்சிக்கே போய்ச் சேர்ந்தார்கள். அங்கே சூரியன் அவர்களுக்காகவே காத்திருந்தது போல் நின்றது.

பிச்சைக்கனி மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்: "முனிவருங்க எல்லாம் மலை உச்சியில ஏன் இருந்தாங்கன்னு இப்பத்தான்ல புரியுது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு நேரம் கிடைக்கும்."

செல்லக்கனி சாப்பிடவில்லை. விளிம்பிலிருந்து கீழே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நேர் கீழே ஒரு காய்ந்த பள்ளமும் பிடித்துக்கொள்ளக் கம்பிகளும் தெரிந்தன. அருவி இன்னும் எங்கோ உள்ளே தள்ளி இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

விடிந்ததும் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு முதல் ஆளாகக் கிளம்பினாள். பாறைக்குக் கீழே ஒரு வேப்பமரம், மரத்தடியில் பெஞ்சு, பெஞ்சில் காக்கிச் சட்டையோடு ஒருவர். பெயர் குருவையா. அருவிக்குக் காவலர்.

"அண்ணாச்சி, அருவி எங்க இருக்கு?"

குருவையா பெஞ்சில் இருந்தபடியே பின்னால் கட்டை விரலைக் காட்டினார். முந்தின நாள் தட்டோடு ஏறிய அதே பாறை. ஒரு சொட்டு இல்லை. ஓர் ஓணான் அருவி விழ வேண்டிய இடத்தில் குளிர் காய்ந்துகொண்டிருந்தது.

செல்லக்கனி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பதினான்கு வருஷம். நெற்றியில் எண்ணெய் வழிந்தது. அழுகிறாளா என்று தங்கப்பழத்துக்குத் தெரியவில்லை. அவருக்கு என்னவோ போலிருந்தது. ஆணி எடுத்துக் கொடுப்பதைத் தவிர யாருக்கும் எதுவும் செய்து பழக்கமில்லாத மனுஷர்.

"ஏங்க, இதுல எப்பத் தண்ணி வரும்?" என்று காவலரைக் கேட்டார்.

"மேல தண்ணி விழுந்தா கீழ வரும். வேற என்ன இருக்கு இதுல?"

தங்கப்பழமும் வைகுண்டமும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இவ்வளவு எளிய விஷயத்தை இத்தனை மாதமாக இந்த ஊர்க்காரர்கள் யாருமே செய்யவில்லையே என்று அவர்களுக்கு வியப்பு.

லாட்ஜில் ஏழு பிளாஸ்டிக் குடம் இரவல் வாங்கினார்கள். தொட்டியில் மொண்டு, தோளில் ஏற்றி, நேற்று வெயிலைத் துரத்திய வழியே மேலே கொண்டுபோனார்கள். ஏழும் சேர மூன்று மணி நேரம் ஆனது. பிச்சைக்கனி உச்சியில் உட்கார்ந்து குடங்களுக்குப் பொறுப்பு வகித்தார்.

"கனி, நிக்கிறியா?" என்று மேலேயிருந்து குரல் கொடுத்தார் தங்கப்பழம்.

"நிக்கிறேங்க."

முதல் குடத்தைக் கவிழ்த்தார். தண்ணீர் பாறையில் பட்டுத் தெறித்து, வழியிலேயே பாதி காய்ந்து, மீதி அவள் உச்சந்தலையில் வந்து விழுந்தது. செல்லக்கனி கண்ணை மூடிக்கொண்டாள். ஜில்லென்றுகூட இல்லை, வெந்நீர் போலத்தான் இருந்தது. ஆனால் மேலேயிருந்து வந்தது. அவளைத் தேடி வந்தது. இடது தோள் நனைந்தது. இரண்டாவது குடம் முகத்தில் விழுந்தபோது அவள் சத்தம் போட்டுச் சிரித்தாள். கல்யாணமான நாளிலிருந்து தங்கப்பழம் அந்தச் சிரிப்பைக் கேட்டதில்லை.

வலது தோளுக்குத் திரும்பி நின்றாள். அப்போதுதான் விசில் சத்தம் கேட்டது.

மரத்தடியில் கண்ணயர்ந்திருந்த குருவையா எழுந்து ஓடி வந்துகொண்டிருந்தார். நான்கு மாதமாகத் தண்ணீர் சத்தத்தைக் கேட்காத காது. அவருக்கு மேலிடம் சொல்லிவைத்திருந்தது ஒன்றே ஒன்றுதான்: திடீரென்று தண்ணீர் கூடினால் பலகையை மாட்டு. மாட்டிவிட்டார். 'வெள்ளப்பெருக்கு. குளிக்கத் தடை.'

"வெளிய வாங்கம்மா. மேல எங்கயோ பலத்த மழை. வெள்ளம் வருது."

 செல்லக்கனி கம்பியைத் தாண்டி ஓடி வந்து, கையைக் குவித்துக்கொண்டு மேலே பார்த்துக் கூவினாள். "என்னங்க, வெள்ளம் வருதாம். அங்கேயே பத்திரமா இருங்க."

தங்கப்பழம் மூன்றாவது குடத்தைச் சாய்த்த நிலையிலேயே உறைந்து நின்றார். மெதுவாக நிமிர்த்திக் கீழே வைத்தார். மூவரும் ஒரு மேட்டில் ஏறி நின்றுகொண்டார்கள்.

"நல்ல வேளைண்ணே" என்றான் வைகுண்டம். "நம்ம மேல இருந்ததால தப்பிச்சோம்."

கீழே செல்லக்கனி ஈரத் தலையோடு கேட்டாள். "எப்ப அண்ணாச்சி தடையை எடுப்பீங்க? எனக்கு இன்னும் வலது தோள் பாக்கி இருக்கு."

"மேல நீர் இருப்புக் குறைஞ்சாத்தான்மா. அவசரப்பட்டா உயிருக்கு ஆபத்து."

அவள் மறுபடி மேலே கூவினாள். "மாமா, அங்க நீர் இருப்பு எப்படி இருக்கு?"

பிச்சைக்கனி குடம் குடமாக எட்டிப் பார்த்தார். "அஞ்சு குடம் வாய் வரைக்கும் தளும்புது தாயி. யாரும் கிட்ட வரக் கூடாது."

அதைக் கேட்டதும் குருவையா பலகையை இன்னும் அழுத்தி மாட்டினார். பங்குனியில் பொரிப்பாறையில் வெள்ளம் என்ற செய்தி டீக்கடை வழியாக ஊருக்குள் போய், பன்னிரண்டு மணிக்குள் ஐம்பது அறுபது பேர் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். லாட்ஜ் மேனேஜர் ரூம் வாடகையை முழு விலைக்கு ஏற்றினார். மேலே மூன்று பேரும் குடங்களைச் சுற்றி உட்கார்ந்து, தண்ணீர் வெயிலில் வற்றட்டும் என்று காவல் காத்தார்கள்.

பிற்பகல் இரண்டரை மணிக்கு ஒரு குடத்தில் இரண்டு விரற்கடை குறைந்திருப்பதாக வைகுண்டம் மேலேயிருந்து அறிவித்தான். குருவையா அதைப் பலகையில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதினார். கூட்டம் கை தட்டியது.