மணல் சேராத படித்துறை

"ஒரு பிடி ஆத்து மணல் இல்லாமக் கட்டி முடிச்சிட்டேன் சாமி. அப்பவும் என் தங்கச்சி எங்கூடப் பேசல."

கான்ட்ராக்டர் சடையப்பன் மடத்துக்குள் நுழைந்ததும் சொன்னது இதுதான். சாமி வயதில் அவருக்கு இளையவர். இருந்தாலும் சடையப்பனுக்கு அவர்தான் குரு.

சங்கதி ஊருக்கே தெரியும். சடையப்பன் வருஷக்கணக்கில் ஆற்றில் மெஷினை இறக்கி மணல் அள்ளியவர். அள்ளிய குழியில் மழைத் தண்ணீர் தேங்கியது. தங்கை அஞ்சலையின் ஒரே பிள்ளை அதில் குளிக்க இறங்கினான். பிணமாகத்தான் மேலே வந்தான். தாய்மாமன் தோண்டிய குழி. இதற்கு மேல் என்ன இருக்கிறது சொல்ல?

அன்றோடு லாரிகளை விற்றார். இனி ஆற்று மணலைத் தொடுவதில்லை என்று சாமி முன்னால் சத்தியம் செய்தார்.

ஓர் உருக்காலைக்குப் பின்னால் உருக்கியது போக மிஞ்சி மலைமலையாகக் கிடந்த கறுப்புக் கசடை வாங்கி, மணலுக்குப் பதிலாகச் சிமெண்டோடு கலந்தார். பழக்கதோஷம், மணலுக்கு ஊற்றுகிற தண்ணீரையே இதற்கும் ஊற்றினார். கசடு கண்ணாடி மாதிரி, தண்ணீரைக் குடிக்காது. ஊற்றியதெல்லாம் மேலே மிதந்து, காய்ந்ததும் மேல்பக்கம் பொலபொலவென்று உதிர்ந்தது. இடித்துவிட்டு மறுபடி போட்டார். தண்ணீரைக் குறைத்ததும் நன்றாக இறுகிவிட்டது.

அந்தக் கலவையில்தான் மருமகன் பேரில் ஆற்றங்கரையில் படித்துறை கட்டினார். திறப்பு விழாவுக்கு அழைக்கப் போனபோது அஞ்சலை கதவைச் சாத்திக்கொண்டாள்.

சாமி எல்லாவற்றையும் கேட்டார். பிறகு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஆற்றுப் பக்கம் நடந்தார். சடையப்பன் பின்னாலேயே போனார்.

படித்துறை அழகாகத்தான் இருந்தது. ஈ காக்கை இல்லை.

சற்றுத் தள்ளி அந்தக் குழி தண்ணீரோடு அப்படியே கிடந்தது. கரையில் அஞ்சலை உட்கார்ந்திருந்தாள்.

தினமும் வருகிறாள், பிள்ளை நினைப்பில் அழுவதற்கு வருகிறாள் என்று சடையப்பன் தாழ்ந்த குரலில் சொன்னார்.

அப்போது துண்டோடு இரண்டு பையன்கள் குழியை நோக்கி ஓடி வந்தார்கள். அஞ்சலை எழுந்தாள். கையில் கம்பு இருந்தது. அதை ஓங்கிக்கொண்டு பாதித் தூரம் வரை அவர்களைத் துரத்திவிட்டு, திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தாள்.

சடையப்பன் அவள் கையிலிருந்த கம்பையே பார்த்தார்.

வேலி போடக்கூடாதா என்று சாமி கேட்டார். போட்டதாகவும், கம்பியை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டதாகவும் சடையப்பன் சொன்னார்.

"உங்க கசடைக் கொட்டி மூடிடலாமே?"

"சிமெண்டுக்குள்ள இருந்தாத்தான் சாமி அது அடங்கிக் கிடக்கும். சும்மா கொட்டுனா ஆத்துத் தண்ணியே கெட்டுடும். இந்தக் குழிக்கு மணலுதான் வேணும்."

"அதை யார் கொண்டு வருவா?"

"ஆறுதான் கொண்டு வரணும். ஒவ்வொரு வெள்ளத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமா. எங்க ஆயுசுல நிரம்பாது சாமி."

சொல்லும்போதே சடையப்பனுக்கு அழுகை வந்துவிட்டது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அவ எப்ப சாமி எங்கூடப் பேசுவா?"

சாமி அஞ்சலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"குழி நிரம்புற வரைக்கும் அவ ஒருத்தியேவா காவல் இருக்கணும்?"