அறுபத்தெட்டு கிலோ நானூறு

ஒரு மாநிலத்தில் ஒரு தணிக்கை அலுவலகம் இருந்தது. மாடியில் பதினொரு பேர், கீழே ஒரு பழைய ஜீப். அவ்வளவுதான் அலுவலகம்.

பதினொரு பேரில் கடைசியாகச் சேர்ந்தவர் சவரியப்பன். பட்டாளத்து உணவுக் கிடங்கில் இருபத்திரண்டு வருஷம் சாமான் எண்ணியவர். ஹவில்தாராக ஓய்வுபெற்று, முன்னாள் படைவீரர் ஒதுக்கீட்டில் இந்த வேலைக்கு வந்தபோது தலையில் பாதி நரைத்திருந்தது. அவருக்கு வேலை சொல்லிக்கொடுத்த அலுவலர் உமையாள் அவரைவிடப் பத்து வயது இளையவர். மாடியில் இருந்தவர்கள் அந்த இருவரையும் "குருவும் சீடரும்" என்று கிண்டல் செய்தார்கள். சவரியப்பனுக்கு அதில் கிண்டல் எதுவும் தெரியவில்லை.

மார்ச் இருபத்தொன்பதாம் தேதி காலை. ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் நெல் கொள்முதல் நிலையத்துக்குத் தணிக்கைக்குப் போக வேண்டும். சவரியப்பன் தன் கையாலேயே கணக்குப் பார்த்துச் சான்றிதழ் எழுதப்போகும் முதல் இடம் அது. இரவெல்லாம் தூக்கம் வரவில்லை. ஷூவைப் பளபளவென்று துடைத்துப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்து நின்றார்.

உமையாள் ஜீப்பில் ஏறவில்லை. பக்கத்துக் கட்டடமான முத்திரை அலுவலகத்துக்குள் நுழைந்தார். ஊரில் உள்ள தராசுகளையெல்லாம் சோதித்து முத்திரை போடுகிற அலுவலகம் அது. அங்கே இருந்த பெரிய தராசில் ஏறி நின்றார். அறுபத்தொரு கிலோ. இறங்கி நோட்டில் எழுதிக்கொண்டார்.

"நீங்களும் ஏறுங்க, ஹவில்தார் சார். ஷூவோட, பையோட, அப்படியே."

"மறுபடியும் பட்டாளத்துல சேக்கப் போறீங்களா மேடம்?"

"ஏறுங்க."

ஏறினார். அறுபத்தெட்டு கிலோ நானூறு கிராம்.

"எதுக்கு மேடம் இது?"

"எழுதி வச்சுக்குங்க. மறந்துடாதீங்க."

சவரியப்பனும் எழுதிக்கொண்டார். குரு சொன்னால் எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.

ஜீப் கிளம்பியது. ஓட்டியதும் உமையாள்தான். ஓட்டுநர் பணியிடம் காலியாகி நாலு வருஷம். வழியில் சவரியப்பன் வெகுநாளாக மனசில் கிடந்ததைக் கேட்டார்.

"நமக்குச் சம்பளம் யார் மேடம் குடுக்கிறது?"

"சட்டசபை. நம்ம ஆபீசுக்குன்னு வருஷா வருஷம் ஒரு தொகை ஒதுக்குவாங்க."

"அப்ப இந்தத் தணிக்கைக் கட்டணம்?"

"நாம கணக்குப் பாக்கிற இடமெல்லாம் அரசாங்கத்துக்குக் கட்டுறது. வருஷக் கடைசியில எவ்வளவு வசூலாச்சுன்னு பார்ப்பாங்க. அதுக்குத் தக்கபடி அடுத்த வருஷம் நமக்கு இத்தனை ஆளுன்னு உத்தரவு வரும்."

"வசூல் குறைஞ்சா?"

"கடைசியாச் சேந்த பணியிடம் போகும்."

சவரியப்பன் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். வருஷக் கடைசிக்கு இன்னும் இரண்டு நாள்.

"இந்தச் சங்கம் இன்னும் கட்டலையே மேடம்."

"கட்டலை. இவங்க கட்டிட்டா உங்க பணியிடம் நிக்கும்."

நிலையத்தில் ஒரே கூட்டம். களம் முழுக்க நெல் குவியல். விவசாயிகள் குவியலுக்குப் பக்கத்திலேயே குடை பிடித்து உட்கார்ந்திருந்தார்கள். சுமைக்காரர்கள் சாக்கில் நெல்லை அள்ளிப்போட்டு எலக்ட்ரானிக் தராசில் தூக்கி வைப்பார்கள். நாற்பது என்று சிவப்பு எழுத்து வந்ததும் இறக்கித் தைப்பார்கள். அந்தத் தாலுகாவின் கொள்முதல் முழுவதையும் அடுத்த மாதம் இதே சங்கத்திடம் ஒப்படைப்பதாகப் பேச்சு. அதற்குத் தணிக்கைச் சான்றிதழ் வேண்டும்.

சங்கத்தின் செயலாளர் பரமகுரு வாசலுக்கே வந்து வரவேற்றார். வெள்ளைச் சட்டை, பையில் மடித்த காசோலை வெளியே தெரிந்தது. டீ வந்தது. உமையாள் தன் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தார். சவரியப்பனும் எடுத்தார். தணிக்கைக்குப் போன இடத்தில் பச்சைத் தண்ணீர்கூட வாங்கிக் குடிப்பதில்லை என்பது அவர்கள் அலுவலகத்து வழக்கம்.

பரமகுரு சிரித்தார். "எங்க டீ ஆகாது. எங்க கட்டணம் மட்டும் இனிக்கும். அந்தக் காசுலதானே சார் உங்க வீட்டு அடுப்பே எரியுது?"

சவரியப்பனுக்கு முகம் சிவந்துவிட்டது. குருவைப் பார்த்தார். அவர் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

சவரியப்பன் வேலையில் இறங்கினார். தராசில் இந்த வருஷத்து முத்திரை இருக்கிறதா என்று பார்த்தார், இருந்தது. கிடங்கில் அடுக்கியிருந்த சாக்குகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருநூறு சாக்குகளை இறக்கச் சொன்னார். ஒவ்வொன்றாகத் தராசில் ஏற்றினார். நாற்பது. நாற்பது. நாற்பது. சுமைக்காரர்கள் சலித்துப்போனார்கள், அவர் சலிக்கவில்லை. மதியம் தயிர்ச்சோற்றை நாலு வாயில் முடித்துவிட்டு மறுபடியும் ஓடினார். இருநூறாவது சாக்கும் நாற்பது.

சான்றிதழை அழகான கையெழுத்தில் எழுதி எடுத்துக்கொண்டு உமையாளிடம் வந்தார். மூச்சு வாங்கியது.

"மேடம், பட்டாளத்துலகூட நான் இப்படி ஒரு கிடங்கைப் பாத்ததில்லை. இருநூறு சாக்கு. ஒரு பிடி நெல் வித்தியாசம் இல்லை."

"எதுல நிறுத்தீங்க?"

"தராசுலதான்."

"எந்தத் தராசு?"

"இதோ, இந்த..."

வாக்கியம் பாதியில் நின்றது. உமையாள் பேனாவைத் திறக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நெல்லை எந்தத் தராசில் நிறுத்துச் சாக்கில் கட்டினார்களோ அதே தராசில்தான் அவர் காலையிலிருந்து இருநூறு தடவை நிறுத்திருக்கிறார். பின்னே நாற்பது வராமல் என்ன வரும்? சவரியப்பனின் காது சூடேறியது. அப்படியே திரும்பி நடந்தார். நடை ஓட்டமானது. தராசில் இருந்த சாக்கைத் தானே தள்ளிவிட்டு ஏறி நின்றார். ஷூவோடு, பையோடு.

அறுபத்தாறு கிலோ எழுநூறு.

இறங்கினார். ஏறினார். அறுபத்தாறு எழுநூறு.

"மேடம்." குரல் களத்தின் அந்தக் கோடி வரை கேட்டது. "சோறு பையில இருந்தாலும் வயித்துல இருந்தாலும் எடை ஒண்ணுதானே, எப்படிக் குறைஞ்சுது?"

உமையாள் வந்து ஏறினார். அவர் மதியம் சாப்பிடவில்லை. ஐம்பத்தொன்பது ஐநூறு.

பரமகுரு வந்துவிட்டார். "வெயில் சார். வேர்த்திருக்கும்."

"ஒண்ணே முக்கால் கிலோவா?"

"மெஷின் பழசு. முன்னே பின்னேதான் இருக்கும்."

"முன்னே பின்னேன்னா ஒருத்தருக்காவது கூடக் காட்டணுமே," என்றார் உமையாள்.

இதற்குள் கூட்டம் கூடிவிட்டது. காலையில் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்த ஒரு ஆள் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறினான். சீட்டில் எழுபத்திரண்டு, தராசில் எழுபது. "இந்த மெஷின்ல நின்னா சக்கரைகூடக் குறையும்போல," என்றான். சிரிப்பு கிளம்பியது. ரேஷன் கடையில் எடை பார்த்தவன், ரைஸ் மில்லில் எடை பார்த்தவன் எல்லாரும் வரிசை கட்டினார்கள். ஏறிய ஒவ்வொருவரும் இளைத்துப்போய் இறங்கினார்கள். சவரியப்பன் ஒவ்வொரு எண்ணையும் எழுதினார். நாற்பதுக்கு ஒன்று. எல்லாருக்கும் நாற்பதுக்கு ஒன்றாகத்தான் குறைந்தது.

"ஏன் மேடம், நாமளே எடைக்கல் எடுத்துட்டு வந்திருக்கலாமே?"

"மூணு வருஷமாக் கேக்கிறேன். எடைக்கல்லுக்கு நிதி இல்லைன்னு ஃபைல் திரும்பி வருது. சாப்பாட்டுக்குத்தான் ஒதுக்கியிருக்காங்க. அதை உடம்புல ஏத்திக் கொண்டுவந்திருக்கோம்."

பரமகுரு சவரியப்பனைத் தனியே ஒதுக்கினார். குரலில் இப்போது நக்கல் இல்லை, பிரியம் இருந்தது.

"சார், தராசை நாளைக்கே மாத்திடுறேன். நீங்க எழுதின சான்றிதழ் எழுதினபடி இருக்கட்டும். இந்தாங்க காசோலை. இந்த ரெண்டு நாளுக்குள்ள கட்டினாத்தானே உங்க பணியிடம் நிக்கும்? எல்லாம் எனக்குத் தெரியும். ஆறு மாசத்துல பொண்ணுக்குக் கல்யாணம் வச்சிருக்கீங்களாமே."

சவரியப்பன் காசோலையைத் தொடவில்லை. தள்ளவும் இல்லை. சான்றிதழும் கையுமாக உமையாளிடம் வந்து நின்றார்.

"மேடம், காலையில இந்த ஆளு சொன்னது நெஞ்சுல குத்திக்கிட்டே இருக்கு. இவங்க கட்டுறதுலதான் நம்ம அடுப்பு எரியுது. சோறு போடுறவங்களை நாம எப்படிக் கேள்வி கேக்கிறது?"

உமையாள் களத்தில் இறங்கி நடந்தார். சவரியப்பன் பின்னால் போனார், பரமகுரு அவருக்குப் பின்னால்.

ஒரு குவியலின் பக்கத்தில் சிட்டம்மாள் என்ற பெண் நின்றிருந்தாள். அவள் நெல் முழுவதும் நிறுத்து முடிந்திருந்தது. கடைசிச் சாக்கை மட்டும் இன்னும் தைக்கவில்லை.

"எத்தனை மூட்டைம்மா?" என்று கேட்டார் உமையாள்.

"நாப்பதுன்னு சொல்றாங்க. வீட்டுக் களத்துல நிறுத்தப்ப நாப்பத்தொண்ணு இருந்துச்சு."

"ஒண்ணு என்னாச்சு?"

"எலி தின்னிருக்கும்னு இந்த ஐயாதான் சொன்னாரு." பரமகுருவைக் கை காட்டினாள். "நான் என் வீட்டுக்காரரைத்தான் சந்தேகப்பட்டேன். வித்துக் குடிச்சிட்டு நிக்கிறியான்னு காலையிலேர்ந்து திட்டித் தீத்துட்டேன். அந்த மனுஷன் கோவிச்சுக்கிட்டு மரத்தடியில போய் உக்காந்திருக்கு."

உமையாள் குனிந்தார். தைக்காத சாக்கில் இரண்டு கையையும் விட்டு நெல்லை அள்ளினார். "கையை நீட்டுங்க" என்றார் சவரியப்பனிடம். சான்றிதழை இடுக்கிக்கொண்டு அவர் கையை நீட்டினார். இரண்டு கை நெல்லும் அவர் கையில் விழுந்தது. வெயிலில் காய்ந்த நெல், சுட்டது.

சிட்டம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"ஏம்மா, அது என் நெல்லு. எதுக்கு அள்ளி அவரு கையில போடுறீங்க? ஒரு மூட்டை போனது பத்தாதா? குடுக்கச் சொல்லுங்க."

சவரியப்பன் விழித்தார். கையில் நெல், முன்னால் அந்தப் பெண்ணின் நீட்டிய கை, பக்கத்தில் பரமகுருவின் காசோலை.

"சோறு போடுறது யாருன்னுதானே கேட்டீங்க," என்றார் உமையாள். "கேக்கிறாங்க பாருங்க, ஹவில்தார் சார். குடுங்க."

சவரியப்பன் சாக்கின் வாய்க்கு மேலே கையை விரித்தார். நெல் சரசரவென்று இறங்கியது. உள்ளங்கையில் ஒட்டியிருந்த இரண்டு மணியையும் தட்டிவிட்டார். பிறகு சான்றிதழை நாலாகக் கிழித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, அங்கேயே ஒரு மூட்டையின் மேல் காகிதத்தை வைத்து ஆட்சேபணைக் குறிப்பை எழுதத் தொடங்கினார்.

"எதுல ஆரம்பிக்கட்டும் மேடம்?"

"நம்ம ரெண்டு பேர் எடையில."

எழுதினார். அறுபத்தெட்டு நானூறு என்று எழுதும்போது அவருக்கே சிரிப்பு வந்தது. இருபத்திரண்டு வருஷம் எத்தனையோ சாமான் எண்ணியிருக்கிறார். தானே ஒரு சாமானாக இப்படி உபயோகப்பட்டதில்லை. பரமகுரு காசோலையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். சிட்டம்மாள் மரத்தடிக்கு ஓடினாள். அங்கே உட்கார்ந்திருந்த மனுஷன் எழுந்திருக்க மாட்டேன் என்று முரண்டு பிடிப்பதும், அவள் கையைப் பிடித்து இழுப்பதும் தெரிந்தது. களத்தில் யாரோ, "நிறுத்ததையெல்லாம் மறுபடி நிறுங்கய்யா," என்று கத்தினார்கள். அதையே பத்துப் பேர் திரும்பக் கத்தினார்கள்.

திரும்பும்போது ஜீப்பில் சவரியப்பன் வாய் ஓயாமல் பேசினார். தராசு, சாக்கு, ஆஸ்பத்திரிச் சீட்டு, எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து சொன்னார். உமையாள் வண்டியை ஓட்டிக்கொண்டே கேட்டார். ஊர் எல்லையில், தணிக்கைக் கட்டணம் கட்டுகிற கருவூலக் கட்டடம் வந்தது. கதவு பூட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் சவரியப்பனின் பேச்சு நின்றது.

அலுவலகத்து வாசலில் இறங்கிய பிறகுதான் கேட்டார்.

"மேடம், பணியிடம் போயிட்டா நான் என்ன ஆவேன்?"

உமையாள் ஜீப் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு பக்கத்துக் கட்டடத்தைப் பார்த்தார்.

"முத்திரை ஆபீஸ் காலையில பத்து மணிக்குத் திறப்பாங்க. உத்தரவு வந்த அன்னைக்கு அந்தத் தராசுல ஏறி நில்லுங்க. எவ்வளவு குறைஞ்சிருக்கீங்கன்னு வந்து எங்கிட்ட சொல்லுங்க."